பாதி இறங்கிய ஷட்டர்

தி. நகரில் உஸ்மான் ரோட்டை விட்டு விலகிப் போகிற சந்து ஒன்றில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய இடத்தில் இருக்கிறது சுயம்பு மேட்சிங் சென்டர். சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குத் தோதான ரவிக்கைத் துணியை எடுத்து, அளந்து, கிழித்துக் கொடுப்பார்கள். பச்சை வேண்டும் என்று மொட்டையாகக் கேட்கிறவர்களைப் பார்த்தால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இரக்கம்தான் வரும். கிளிப்பச்சையா, ராமர் பச்சையா, பாசிப்பச்சையா, வேப்பங்கொழுந்தா, எது என்று சேலையைப் பார்த்தால்தானே தெரியும்? அதுவும் கடைக்குள் வைத்துப் பார்க்க மாட்டார்கள். சேலையையும் துணிக்கட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். டியூப்லைட் பொய் சொல்லும் என்பது முதலாளி சுயம்புலிங்கத்தின் கட்சி. வாசல் வெளிச்சத்தில் ஒத்துப்போனால்தான் ஒத்துப்போனது.

அந்தக் கடைக்கு நான்கு வருஷமாக இன்னொரு வாசலும் உண்டு. அதைத் திறந்துவைத்தவள் மருமகள் ஷண்முகப்ரியா. கல்யாணத்துக்கு முன்பு தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி, கடைக்கு மேல்மாடியிலேயே குடித்தனம் என்று ஆன பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் கடைக்கு ஓர் இணையதளம் உண்டாக்கினாள். சேலையைப் படமெடுத்து அனுப்பினால் பொருத்தமான துணி கூரியரில் போய்ச் சேரும். படத்தில் நிறம் மாறித் தெரியுமே என்று மாமனார் முகத்தைச் சுளித்தார். சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பகலில் வீட்டு வாசலில் நின்று படமெடுங்கள் என்று எழுதிப்போட்டு அதற்கும் வழி பண்ணினாள். சிங்கப்பூரிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் ஆர்டர் வந்தபோது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அதை மருமகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அவர் சுயம்புலிங்கம் இல்லை.

ஆனால் இணையக் கடைக்கு ஒரு சீக்கு உண்டு. பணம் வாங்க ஒன்று, படம் காட்ட ஒன்று, கூரியருக்கு ஒன்று என்று அதற்குள் ஏகப்பட்ட சின்னச் சின்ன உறுப்புகள். பிளக்இன் என்று பெயர். அவற்றை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற நேரத்தில் தளம் தன்னைத் தானே சாத்திக்கொண்டு, வருகிறவர்களிடம் பராமரிப்பு நடக்கிறது, பிறகு வாருங்கள் என்று வெறும் வெள்ளைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு நிமிஷத்தில் திறந்துகொள்ளும். ஆடி மாதத்தில் ஒரு நாள் அது ஒழுங்காக நடக்கவில்லை. அரை நாள் சாத்தியே கிடந்தது. சிங்கப்பூர்க்காரி ஒருத்தி கடைக்கே போன் போட்டு, கடையை மூடிவிட்டீர்களாமே என்று சுயம்புலிங்கத்திடம் கேட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அவர் சொன்னார். "கடைன்னா தொறந்து கெடக்கணும். மழையோ வெயிலோ, நம்ம கடை பகல்ல மூடுனது கெடையாது. இன்னொரு தடவ மூடியிருக்குன்னு எவனாவது எங்கிட்டச் சொன்னான்னு வையி, அந்த வேலையே வேண்டாம். நீ கீழ வந்து பில்லு போடு, போதும்."

பில் போடுவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் ஷண்முகப்ரியாவுக்கு அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. சமையல்கட்டு மாமியார் இசக்கியம்மாளுடையது. கடை மாமனாருடையது. கணவன் ஹரியோ பாதி நாள் சூரத்தில் கொள்முதல் செய்துகொண்டிருப்பான். அந்த இணையதளத்தில் மட்டும் எதை எங்கே வைப்பது என்று அவள்தான் முடிவு செய்தாள். அது கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் ஆடியிலிருந்து அவளை விட்டபாடில்லை.

கார்த்திகையில் அந்தப் பயத்துக்கு வேளை வந்தது. பணம் வாங்குகிற பிளக்இன்னின் பழைய பதிப்பு அடுத்த வாரத்தோடு வேலை செய்யாது என்று அறிவிப்பு வந்தது. புதுப்பித்தே ஆக வேண்டும். இந்த முறை வெள்ளைப் பக்கமும் ஆங்கிலமும் வேண்டாம் என்று அவள் தீர்மானித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு யாராவது எட்டிப் பார்த்தாலும் மூடிவிட்டார்கள் என்று தோன்றக் கூடாது, இதோ திறந்துவிடுவார்கள் என்று தோன்ற வேண்டும். பொறுமையாக உட்கார்ந்து ஒரு பக்கம் தயாரித்தாள்.

ஷட்டருக்கு மெக்கானிக் வந்து கிரீஸ் தடவிய ஞாயிற்றுக்கிழமை, கடை திறப்பதற்கு முன்னால் விடியற்காலையில் ஹரி எடுத்த படம் ஒன்று இருந்தது. ஷட்டர் இடுப்பளவு இறங்கி நிற்கும். அவளுடைய அப்பா நாகர்கோவிலில் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். அவர்கள் தெருமுனைப் பெட்டிக்கடை மத்தியானத்தில் அப்படித்தான் பாதி மூடிக் கிடக்கும். உள்ளே ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், கூப்பிட்டால் வருவார் என்று அர்த்தம். அந்த நினைப்பில் அந்தப் படத்தையே போட்டாள். மேலே கடையின் முத்திரை. அதில் வட்டத்துக்குள் சுயம்புலிங்கம் நெற்றி நிறைய விபூதியோடு பார்த்துக்கொண்டிருப்பார். கார்த்திகை மாதமாயிற்றே என்று ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு வைத்தாள். கீழே, 'இத்தனை காலம் எங்களோடு இருந்த உங்கள் அன்புக்கு நன்றி. மீண்டும் சந்திப்போம்' என்று எழுதினாள். தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்த யாசிர் என்கிற பையனிடம் கொடுத்து, சாத்துகிற நேரத்தில் இதுதான் தெரிய வேண்டும் என்று மாட்டச் சொன்னாள். மீர்சாகிப்பேட்டைக்காரன். ஒரு காலத்தில் தரமணியில் அவளோடு வேலை பார்த்தவன். அவனுக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை. 'சூப்பரா கீதுக்கா' என்று பதில் போட்டிருந்தான்.

புதன்கிழமை காலையில் மழை பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி நாளில் முற்பகல் வியாபாரம் மந்தம். புதுப்பிக்க இதுதான் நேரம் என்று ஷண்முகப்ரியா மடிக்கணினியைத் திறந்தாள். அடுக்களையிலிருந்து இசக்கியம்மாளின் குரல் வந்தது.

"ஏளா பிரியா, இன்னைக்குப் புதன். பன்னெண்டுக்கு ராவுகாலம் பெறந்துரும். அதுக்குள்ள முடிச்சிரு."

"முடிச்சிருவேன் அத்தே."

"ஆடியில என்ன நேரத்துல ஆரம்பிச்ச? நாந்தான் அன்னைக்கே சொன்னேம்லா."

ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, தளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போவதுதான் முறை. அவளுக்கும் அது தெரியும். நான்கைந்தை அப்படித்தான் முடித்தாள். அதற்குள் சுவர்க்கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிவிட்டது. ராகுகாலத்தில் அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ராகுகாலத்தில் செய்து ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மன்னிப்பும் கிடையாது. மிச்சம் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டாகத் தட்டினாள். பாதியில், பக்கத்து மாடி மோட்டார் சத்தத்தோடு சேர்ந்து கரண்ட் போயிற்று.

மடிக்கணினி விழித்துக்கொண்டுதான் இருந்தது. வைஃபை பெட்டிதான் கண்ணை மூடிவிட்டது. போனிலிருந்து இணைப்பை எடுத்துத் தளத்தைத் திறந்தாள். பாதி ஷட்டர் வந்தது. உள்ளே நுழைகிற பக்கத்தைத் திறந்தாள். அங்கேயும் பாதி ஷட்டர். தன் வீட்டுக்கே தான் போக முடியாமல் வாசலில் நிற்கிற கதி. யாசிருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தாள். 'மீட்டிங், லஞ்சுல கூப்டறேன்' என்று குறுஞ்செய்தி வந்தது. உள்ளே போவதற்கான சர்வர் சாவியெல்லாம் அவனிடம்தான் இருந்தது. யாரும் கடைக்குப் போன் செய்யாமல் இருக்க வேண்டுமே என்று ஊரிலுள்ள சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டாள்.

சாமிகள் அன்றைக்கு வேறு வேலையாக இருந்தார்கள் போலிருக்கிறது. கீழே கடையில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இசக்கியம்மாள் சுண்டவத்தல் குழம்பை இறக்கிவிட்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மருமகள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன, மூடிக்கிட்டா?"

"ஆமா அத்தே. ஆனா போன தடவ மாதிரி அசிங்கமா இல்ல. நல்லா ஒரு படம் போட்ருக்கேன். நீங்களே பாருங்க."

போனைக் கையில் வாங்கிய இசக்கியம்மாள் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். பிறகு தள்ளிப் பிடித்தாள். அடுப்பை அணைத்தாள்.

"ஏளா, யாரு செத்தா?"

"என்னத்தே சொல்றீங்க?"

"ஷட்டரு பாதியில நிக்கி. மாமா போட்டா இருக்கு. வெளக்கு எரியுது. கீழ நன்றின்னு போட்டிருக்கு. இதப் பாத்தா என்னளா நெனப்பான் ஒருத்தன்?"

ஷண்முகப்ரியா திரும்பப் படத்தைப் பார்த்தாள். ஒரு வாரமாக அழகு பார்த்துப் பார்த்துச் செய்த படம். இப்போது அதில் அவள் கண்ணுக்கும் சாவு மட்டும்தான் தெரிந்தது.

"பாதி ஷட்டர்னா உள்ள ஆள் இருக்காங்கன்னுதானே அத்தே?"

"அது உங்க ஊர்ப் பெட்டிக்கடைக்கு. நம்ம கடைக்காரவ மத்தியில, நட்ட நடுப்பகல்ல ஷட்டரு பாதி எறங்குச்சுன்னா வீட்டுல கேதம். வேற அர்த்தமே கெடையாது. தெருவுல பொணம் போனாலும் எறக்கி ஏத்துவாவ." சொல்லிவிட்டு இசக்கியம்மாள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அதுவும் இந்தக் கடையில. உனக்கு எதுவும் தெரியாதுல்லா."

"என்ன தெரியாது?"

இசக்கியம்மாள் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒரு பழக்கம். சுயம்புலிங்கத்தின் தம்பி வைரவன் சைதாப்பேட்டையில் தனியாகக் கடை வைத்திருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை, ஹரியின் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை என்பது வரைக்கும் ஷண்முகப்ரியாவுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டபோதெல்லாம் ஹரி பேச்சை மாற்றிவிடுவான்.

"எங்க மாமா, அதான் இவியளோட அய்யா, ஊர்ல தவறினது தீவாளிக்கு முந்துன வாரம்," என்றாள் இசக்கியம்மாள். "நீ வாரதுக்கு முன்னால. காலைல கடைக்குப் போன் வருது. கடையில நிக்க எடமில்ல, அம்புட்டுக் கூட்டம். இவிய போனக் கேட்டாவ, வச்சாவ, யாருகிட்டயும் ஒத்த வார்த்த பேசல. திரும்பப் போய் வாசல்ல நின்னு துணி காட்டிக்கிட்டு இருந்தாவ. எனக்கே சாயங்காலம்தான் தெரியும். அதுக்கு அப்பறம் கெளம்பி, நாங்க போய்ச் சேரச்சில மறுநாள் வெயிலேறிட்டு. தம்பிதான் ராத்திரி பூரா கூட இருந்திருக்கான். அத்தன சனத்துக்கு முன்னால இவியளப் பாத்துக் கேட்டான், 'அய்யா செத்ததுக்கு ஷட்டரப் பாதி எறக்கக்கூட ஒனக்கு மனசு வரலையா'ன்னு. இவிய ஒண்ணுமே சொல்லல. அன்னைக்கு விட்ட பேச்சுதான்."

"மாமா ஏன் எறக்கல?"

"யாருக்குத் தெரியும்? நான் கேட்டதில்ல. கேட்டா சொல்லுத ஆளா அவிய?"

ஷண்முகப்ரியாவுக்கு உட்கார முடியவில்லை. மாமனாருக்கு வேறு யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடலாம் என்று படியிறங்கினாள்.

கடையில் சுயம்புலிங்கம் கல்லாவில் உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பியும் உளுந்து வடையுமாக இருந்தார். இரண்டு பெண்கள் சேலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த டில்லிபாபு கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக மேல்தட்டிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். பெரும்பாக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவன்.

"ஏ பிள்ள," என்றார் மாமனார். "இன்னைக்கு என்ன, போன் பண்ணுதவன்லாம் எம்பேரச் சொன்னதும் வச்சிருதான்?"

"மாமா, அது வந்து..."

"நான் சுயம்புலிங்கம் பேசுதேன்னு சொல்லுதேன். அங்க சத்தமே இல்ல. ஒரு பொம்பளை 'ஐயோ'ன்னு வச்சிட்டா."

"எனக்கும் அதான் புரில அண்ணாச்சி," என்றான் டில்லிபாபு. "அடையார்லந்து சீதாம்மா, அதான் டெய்லர், அது போன் பண்ணி எப்போ எடுக்கறாங்கன்னு கேக்குது. புதுச் சரக்கக் கேக்குதோன்னு வெள்ளிக்கெழம எடுப்பாங்கன்னுட்டேன். அவ்ளோ நாள் வெச்சிருப்பாங்களான்னு அழுவுது. இன்னாத்துக்கு அழுவுதுன்னே தெரில."

ஷண்முகப்ரியா வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் ஒன்று ஸ்டாண்டு போடாமல் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் மாமனாரைக் கொஞ்சம் இளைக்கவைத்து, மீசையை மட்டும் கறுப்பாக விட்டால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. காலில் செருப்பில்லை. துணி அளக்கிற மீட்டர் கம்பியைக் கீழே வைக்க மறந்து கையோடு கொண்டுவந்திருந்தார். அழுது கண் சிவந்திருந்தது. துக்க வீட்டு ஆள் என்று பார்த்ததுமே தெரிந்ததால் டில்லிபாபு மாலையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓரமாக ஒதுங்கினான்.

சுயம்புலிங்கம் வாயில் வைத்த வடையை மெல்லாமல் பார்த்தார்.

"இருக்க," என்றார் வைரவன்.

"இருக்கேன்."

"உயிரோட இருக்க."

"என்னல பேசுத?"

"வடை தின்னுக்கிட்டு இருக்க." குரல் உடைந்துவிட்டது. வைரவன் துணிக்கட்டுகள் போடுகிற பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். "சைதாப்பேட்டையிலருந்து இங்க வந்து சேருததுக்குள்ள நான் என்ன பாடு பட்டிருப்பேன். இங்க நீ வடை தின்னுக்கிட்டு இருக்க."

"எனக்கு என்னல ஆச்சு?"

"ஷட்டரு பாதி எறங்கியிருக்கு."

சுயம்புலிங்கம் வாசலைப் பார்த்தார். ஷட்டர் மேலே சுருண்டு, எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. மழை வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"எங்க எறங்கியிருக்கு?"

"இதுல." வைரவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நனைந்த திரையை வேட்டியில் துடைத்து நீட்டினார்.

சுயம்புலிங்கம் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஷண்முகப்ரியா கல்லாப் பக்கம் வந்தாள். "மாமா, நான்தான் போட்டேன். அதுக்கு அப்படி அர்த்தம்னு எனக்குத் தெரியாது. புதுப்பிக்கும்போது கரண்ட் போய் மாட்டிக்கிச்சு. யாசிர் பேசினதும் எடுத்துருவேன்," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். போயிற்று, நாளையிலிருந்து பில் போட வேண்டியதுதான் என்று அந்த நிமிஷமே முடிவும் கட்டிவிட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ எதுக்கு இதப் பாத்த?" என்று தம்பியைக் கேட்டார்.

"தெனமும் பாப்பேன்."

"எதுக்கு?"

"புதுசா என்ன ஷேடு வந்திருக்குன்னு பாக்கதுக்கு."

"எஞ்சரக்கப் பாத்து நீ வாங்கிப் போடுதியா?"

"போட்டா என்ன?" வைரவன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பெறவு, கடை தொறந்திருக்கான்னும் பாத்துக்கிடுவேன். இங்கனதான் வர முடியாதே. காலைல அதத் தொறந்து, எல்லாம் இருக்குன்னா மூடி வச்சிட்டு எங்கடையத் தொறப்பேன். இன்னைக்கு ஒரு கனகாம்பரக் கலர் தேடி மத்தியானம் தொறந்தா இப்படி நிக்கி. எங்கய்யா செத்ததுக்கே எறங்காத ஷட்டரு. இது எறங்குதுன்னா வேற யாருக்கு எறங்கும்? நீ போயிட்டேன்னுல்லா நெனச்சேன்."

சேலையோடு நின்ற பெண்களில் ஒருத்தி மற்றவளின் கையைத் தொட்டாள். இருவரும் சத்தமில்லாமல் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார்கள்.

"உங்கடையில இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டார் சுயம்புலிங்கம்.

"யாருமில்ல. பாதி எறக்கிட்டு வந்தேன்."

"எனக்கா?"

"பெறவு யாருக்கு?"

சுயம்புலிங்கம் வடையைத் தட்டில் வைத்தார். எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தபோது அவருடைய குரல் வழக்கத்தைவிடத் தணிந்து இருந்தது.

"அன்னைக்குப் போன் வரச்சில எங்கையில ஒரு அரக்குச் சேலை இருந்துச்சு. அந்தம்மா வாசல்ல நிக்கா. அவளுக்குப் பின்னால பத்துப் பொம்பளைய நிக்காவ. எல்லார் கையிலயும் சேலை. ஷட்டர எறக்கணும்னு எனக்குத் தெரியும். தெரியாம இல்ல. எறக்கினா வெளிச்சம் போயிருமே, இந்தம்மாவுக்குக் கலர் தப்பாப் போயிருமேன்னு தோணிச்சு. இவளுக்கு மட்டும் பாத்துக் குடுத்துட்டு எறக்குவோம்னு நெனச்சேன். அவ போனா அடுத்தவ நிக்கா. அவளுக்கும் பாத்துக் குடுத்தேன். அப்படியே நின்னுட்டேன்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"எப்படிச் சொல்ல? அய்யா கெடக்காவ. நான் அரக்குக் கலரப் பத்திச் சொல்லவா?"

வைரவன் மீட்டர் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனுடைய காப்பி டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். ஆறிப்போயிருக்கும். மாமனாரை ஒரு கல் என்றுதான் நான்கு வருஷமாக ஷண்முகப்ரியா நினைத்திருந்தாள். அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது, அவர்மேல் கோபமாகவும் இருந்தது. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா ஒரு மனிதர் தினமும் வாசலில் நின்று துணி காட்டினார்?

கையில் இருந்த போன் அதிர்ந்தது. யாசிர்.

"அக்கா, இன்னா ஆச்சு? அத்தினி மிஸ்டு கால் கீது."

அவள் படிப்பக்கம் ஒதுங்கி, சுருக்கமாகச் சொன்னாள்.

"அவ்ளோதானா? பயந்துட்டேன். அப்டேட் ஆரம்பிக்க சொல்லோ அது உள்ள ஒரு ஃபைல் வெச்சிடும். முடிஞ்சா அதுவே தூக்கிடும். உனக்கு நடுவுல கட் ஆயி, அது அங்கியே ஒக்காந்துக்கினு கீது. பேருக்கு முன்னாடி புள்ளி வெச்சிருக்கும், சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது."

"கொஞ்ச நேரத்துல தானா விட்ரும்னு படிச்சேனே யாசிர்."

"வுட்டுடும்தான். ஆனா கேஷ்னு சைட்டுக்கு ஒரு ஞாபகப் பொட்டி கீது, அது பழைய பக்கத்தப் புட்ச்சி வெச்சிக்கினு வர்றவங்களுக்கெல்லாம் அத்தையே காட்டிக்கினு கீது. நான் உள்ள பூந்துட்டேன். ரெண்டையும் தூக்கிட்டு, மிச்ச அப்டேட்ட நானே முடிச்சிடறேன். ஒரு நிமிசம் இரு."

"இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குள் பார்த்தாள். "மாமா, யாசிர் கெடைச்சுட்டான். இப்ப சரியாயிரும். ஒரு நிமிஷத்துல தொறந்துரும்."

சுயம்புலிங்கம் தலை நிமிர்ந்தார். தம்பியின் போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"இது எங்கனயெல்லாம் தெரியும்?"

"எங்க இருந்து பாத்தாலும் தெரியும் மாமா."

"நம்ம ஊர்லயும்?"

"ஊர்லயும்தான்."

அவர் தம்பியைப் பார்த்தார். வைரவனும் அவரைப் பார்த்தார். அவர்களுக்குள் ஏதோ ஒன்று பேசி முடிந்தது போல ஷண்முகப்ரியாவுக்குத் தோன்றியது.

"அப்ப இருக்கட்டும்," என்றார் சுயம்புலிங்கம்.

"எது மாமா?"

"இன்னைக்குப் பூரா அப்படியே இருக்கட்டும். எம்போட்டாவ மட்டும் எடுக்க முடியுமா?"

"முடியும்."

"எடுத்துரு. நன்றி கின்றியெல்லாம் வேண்டாம். வெளக்கு இருக்கட்டும். ஷட்டரு பாதியில நிக்கட்டும். நாளைக்குக் காலைல நீயே தொறந்துக்கோ, உன் இஷ்டம்போல."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது தலையை மட்டும் ஆட்டினாள். போனில் யாசிர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, இன்னா சொல்ற? தூக்கட்டா வாணாமா?"

"வேண்டாம் யாசிர். உள்ள வேலைய முடிச்சிருங்க. அந்த ஷட்டர் பக்கம் மட்டும் நாளைக்குக் காலை வரைக்கும் அப்படியே இருக்கட்டும். படத்த மாத்தி அனுப்பறேன்."

"நெசமாவா? பிசினஸ் டைம்க்கா."

"நெசமாத்தான்."

மேலே படிக்கட்டில் இசக்கியம்மாள் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. "வைரவா, ஈரத் தலையோட இருக்காத. மேல வந்து சாப்பிடு," என்று மட்டும் சொன்னாள். வைரவன் எழுந்தார், மீட்டர் கம்பியைப் பலகைமேல் வைத்தார், படியேறினார்.

டில்லிபாபு கத்தரிப்பூக் கட்டைத் தூக்கிக்கொண்டு, கேட்பதா வேண்டாமா என்று தயங்கி நின்ற பெண்ணை வாசலுக்குக் கூட்டிப்போனான். கல்லாவில் போன் மணி அடித்தது. ஷண்முகப்ரியா எடுக்கப் போனாள். சுயம்புலிங்கம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தானே எடுத்தார்.

"ஆமா, சுயம்புலிங்கம்தான். வச்சிராதீங்க, நான் நல்லா இருக்கேன்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எங்கய்யா தவறிட்டாவ. ஏழு வருசமாச்சு. கடை இன்னைக்குத்தான் அடைச்சிருக்கு."